கிட்ட இருப்பவன் முதலில் வர வேண்டும்

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால், வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் எவன் கிட்ட இருக்கிறானோ அவன் முதலில் புறப்பட்டு வர வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். சட்டம் போட்டவன் மூத்தவன். அம்மா இறந்துபோன வாரத்தில், கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தம்பியையும் தங்கையையும் உட்கார வைத்து, இனிமேல் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, எல்லாம் ஒரு முறைப்படி நடக்க வேண்டும் என்று அவன் பேசினான். அப்பாகூடத் தலையாட்டினார். வீட்டிலேயே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகளைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. தரைக்கு யாராவது சட்டம் போடுவார்களா? அது பாட்டுக்குக் கிடக்கும், எல்லோரும் நடக்கலாம்.

அந்த மகளை நாமும் அக்கா என்றே சொல்லிவிடுவோம். தம்பிக்கு மட்டுமல்ல, வேலை செய்கிற இடத்தில் பாதி வயதுக்காரர்களுக்கும் முழு வயதுக்காரர்களுக்கும் அவள் அக்காதான். கல்யாணம் என்று ஒன்று தள்ளிப்போய், பிறகு பேச்சே நின்றுபோய், நாற்பத்தாறு வயதில் அப்பாவும் அவளும் மட்டும் அந்த மூன்றாவது மாடி வீட்டில் இருந்தார்கள்.

அண்ணன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தான். கார் இடித்துவிட்டது, கூரை ஒழுகிவிட்டது என்று பணம் கேட்டு வருகிற மனுக்களைப் படித்து, எந்தக் காரணத்தைச் சொன்னால் கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். இருபது வருஷமாக அதையே செய்து செய்து, 'முடியாது' என்பதைப் பிறந்தநாள் வாழ்த்து சொல்கிற குரலில் சொல்லப் பழகிவிட்டான். தம்பி பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் வரைந்து கொடுக்கிறவன். எந்தச் சண்டையிலும் அவன் குரல் உயர்ந்ததில்லை. ஆனால் பேச்சு எந்தச் சந்தில் நுழைந்து எந்தச் சந்து வழியாக வெளியே போனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்கிற இணையதளம் ஒன்றை அண்ணன்தான் தேடிப் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். இனிமேல் வாய்ச்சண்டையே வேண்டாம், யார் கிட்ட என்று இதுவே சொல்லிவிடும் என்றான். வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தில் மேல் வரியில் தூரம் இருந்தது, கீழ் வரியில் பயண நேரம் இருந்தது. தூரத்தைப் பார்த்தால் தம்பிதான் கிட்ட. ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அண்ணன் எட்டாயிரம். ஆனால் தம்பி ஊரிலிருந்து நேர் விமானம் கிடையாது. இரண்டு இடங்களில் இறங்கி ஏறி, ஏதோ ஒரு நிலையத்து நாற்காலியில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கி எழுந்து வந்து சேர இருபது மணி நேரம் பிடிக்கும். அண்ணனுக்கோ ஏறினால் பத்து மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆகவே அண்ணன் மேல் வரியைப் படிப்பான், தம்பி கீழ் வரியைப் படிப்பான். இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் கண்ணாடி போட்டவர்கள். ஆனாலும் மற்றவன் காட்டுகிற வரி மட்டும் கண்ணில் படவே படாது.

போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அக்கா குழுவில் செய்தி போட்டாள். முதலில் அழுகிற பொம்மை முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு அண்ணன் ஆரம்பித்தான், கிட்ட என்றால் தூரத்தில் கிட்ட என்றுதான் அர்த்தம் என்று. தூரத்தை மனிதன் நடந்தா வருகிறான், நேரம்தானே கணக்கு என்று தம்பி கேட்டான். எதிர்க்காற்று வீசினால் பத்து மணி நேரம் பதினொன்றாகும் என்று அண்ணி ஒரு கட்டுரையை அனுப்பினாள். காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒன்பதாகக் குறையுமே என்று தம்பி மனைவி பதில் போட்டாள். காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி ஓய்வதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, வர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை என்று அண்ணன் எழுதினான். தம்பி அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே இருந்ததில்லை.

அக்கா வேலை பார்த்தது பல்செட் செய்கிற கூடத்தில். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மேஜை முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களின் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலைமுடியில் மாவு, நகக்கண்ணில் மெழுகு. பொய்ப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வராதா என்று கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி கேட்டதற்கு, அதைச் செய்து விற்கிறவளே நான், எனக்கு எதற்கு எரிச்சல் என்றாள். அண்ணன் வீடியோவில் சிரிக்கும்போது மட்டும் லேசாக வரும். அவனுடையது சொந்தப் பல்.

அந்தக் கூடத்துக்குப் புது இயந்திரம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. கணினியில் பல்லை வரைந்து கொடுத்தால் அதுவே கடைந்து எடுத்து நீட்டிவிடுமாம். இயந்திரம் விற்கிற கம்பெனிக்காரர்கள், ஒரே ஒரு ஆளை அனுப்புங்கள், எங்கள் ஊரில் வைத்து ஆறு வாரம் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கூடத்தின் முதலாளியம்மா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க போனா மிஷின் உங்க கைக்கு வரும், அந்தப் பிரிவே உங்களுதுதான். போகலைன்னா இன்னொருத்தரை அனுப்பணும். அப்புறம் மெழுகோட நீங்களும் இருந்துக்க வேண்டியதுதான். மெழுகு வேலை இன்னும் எவ்வளவு நாள்னு எனக்கே தெரியலக்கா."

அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள். அக்காவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சும்மா ஒப்புக்கு ஆசை இல்லை. அண்ணனையும் தம்பியையும் கூட்டிவர, கொண்டுபோய்விட என்று எத்தனையோ தடவை விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள். வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. வண்டி நிறுத்துகிற இடம் மட்டும் மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. போய்விட்டு வந்தால் ஓய்வு பெறும்வரை தலை நிமிர்ந்து வேலை பார்க்கலாம். போகாவிட்டால், நேற்று வந்தவன் இயந்திரத்தின் முன்னால் உட்காருவான், இவள் அவனுக்குப் பல் கழுவிக் கொடுப்பாள். இடையில் நின்றது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆறு வாரமும் அப்பாவை யார் பார்ப்பது? கண்ணில் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், குளிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், இரவில் எழுந்தால் கை கொடுக்க வேண்டும்.

ஆளுக்கு மூன்று வாரம் வாருங்கள் என்று குழுவில் கேட்டாள். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் ஒரு 'ப்ளீஸ்' சேர்த்துத்தான் அனுப்பினாள். தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவின் பிள்ளைகளிடமே பிச்சை கேட்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். மாடு ஊரைவிட்டு வெளியே போகிறேன் என்றால் மட்டும் எல்லோருக்கும் பதறிவிடுகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூடினார்கள். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்து, அப்பாவும் அக்காவும் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பாவின் நெற்றி மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அது ஒரு வசதி, நெற்றியைப் பார்த்து எது வேண்டுமானாலும் பேசலாம்.

முறைப்படி தம்பிதான் முதலில் வர வேண்டும் என்று அண்ணன் தொடங்கினான். இரண்டு பேரும்தானே வரப்போகிறீர்கள், யார் முதலில் வந்தால் என்ன என்று அக்கா கேட்டாள். அண்ணன் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அப்படி இல்லம்மா. முதல்ல வர்றவனுக்குத்தான் ரிஸ்க். மூணு வாரம் முடியறப்போ ரெண்டாவது ஆள் வரலைன்னா, முதல் ஆள் மாட்டிக்குவான்ல?" என்றான். அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதனால்தான் அண்ணனை முதலில் வரச் சொல்கிறேன் என்றான் தம்பி. ஒருவன்மேல் ஒருவனுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிறகு அண்ணி வந்து, தூரத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்கலாமே என்றாள். பெருக்கிப் பார்த்தார்கள். தம்பியுடையது பெரிய எண்ணாக வந்தது, அப்படியென்றால் அண்ணன்தான் கிட்ட, உடனே பெருக்குவது சரியான முறை இல்லை என்று அண்ணன் கண்டுபிடித்தான்.

அதுவரை அப்பா மேஜைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "யாரும் லீவு போட வேணாம்டா. நானே அங்க வந்துடறேன். ஆறு வாரம்தானே," என்றார்.

இரண்டு பேரும் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று அக்கா போனைத் தொடப் போனாள். அண்ணன் தலைக்குமேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அண்ணன்தான் முதலில் சுதாரித்தான். எட்டாயிரம் கிலோமீட்டர் இந்த உடம்புக்குத் தாங்குமா அப்பா, தம்பி வீடென்றால் கிட்ட என்றான். இருபது மணி நேரம், இரண்டு இடத்தில் மாறி, அந்த இடுப்பை வைத்துக்கொண்டா, அண்ணன் வீட்டுக்கென்றால் நேர் விமானம் என்றான் தம்பி. பழைய பாட்டேதான், இந்தத் தடவை அப்பா உடம்பின்மேல் அக்கறை என்ற ராகத்தில். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், நேர் விமானமாக இருந்தால் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார் என்றார் அப்பா. "பார்த்தியாண்ணா," என்று தம்பி மிக மென்மையாகச் சொன்னான். அண்ணன் முகம் வேர்த்தது. கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றான், அங்கே குளிர் என்றான், மாடிப்படி என்றான், கடைசியில் தன் சொந்தத் தொழிலுக்கே வந்து சேர்ந்தான்.

"இந்த வயசுக்குப் பயணக் காப்பீடே கிடைக்காதுப்பா. எங்க கம்பெனியிலேயே தர மாட்டோம். நானே தர மாட்டேன்."

அப்பா சரி என்றார். அக்கா பக்கம் திரும்பி, கண்ணில் மருந்து விடச் சொன்னார். பேச்சு இன்னும் முடியவில்லையே என்றாள் அவள். அது நடக்கட்டும், நீ விடு என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். மருந்தை விட்டுத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதும் இரண்டு பேரும் கடல்களைத் தாண்டி எதிரெதிரே இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா முதலாளியம்மாவிடம் 'முடியாது' என்று எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் கேட்டிருந்தால் அழகாக எழுதிக் கொடுத்திருப்பான். ஒரு கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, பக்கத்து மேஜைப் பெண் சொன்ன பிறகுதான் கவனித்தாள். அவளுக்கு அண்ணன்மேல் கோபம், தம்பிமேல் கோபம், கொஞ்சம் அப்பாமேலும் கோபம். வீட்டுக்குப் போனதும் கூடத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவர் ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல ஆகிவிட்டது. அன்று அப்பாவுக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்காமல் இரண்டையும் குடித்தார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் கால்சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி. பக்கத்தில், அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வருகிற பெண் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் காலை வேளைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே ஆறு வாரத்துக்கு ஒரு கட்டில் பேசிவிட்டதாகவும், பென்ஷனிலேயே அடங்கிவிடும் என்றும், டாக்ஸி கீழே வந்துகொண்டிருக்கிறது என்றும் அப்பா சொன்னார். சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலத்தான் சொன்னார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, இது உன் வேலைதானா என்று சண்டைக்குப் போனாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முதியோர் இல்லத்துல விட்டுட்டுப் போனாள்னு ஊர் என்னப்பா சொல்லும்?"

"ஊர் எத்தனை கிலோமீட்டர்ல இருக்குன்னு பார்த்துச் சொல்லும்மா. கிட்ட இருந்தா அதுவே வந்து என்னைப் பார்த்துக்கட்டும்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். போகவிட மாட்டேன் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கடைசியில் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இல்லம் நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. இரட்டைக் கட்டில் அறை, ஜன்னலுக்கு வெளியே துணி காய்கிற கொடி, டெட்டால் வாசனை. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு காலத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சதுரங்கம் ஆடத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார். தெரியும், ஆனால் மகள் ஜெயிக்கவிட மாட்டாள் என்றார் அப்பா. அது பச்சைப் பொய், எப்போதும் தோற்றவள் அவள்தான். திங்கட்கிழமை அவள் முதலாளியம்மாவிடம் போகிறேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மாவுத் தூசிமேல் போட்டாள்.

செய்தி வெளியே போனது சித்தி மூலமாக. அம்மாவின் தங்கை, சொந்தபந்தத்தில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பேர். நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு எட்டு மாதமாக எட்டிப் பார்க்காதவள், அன்றைக்கென்று பார்த்து வந்தாள். அப்பா எங்கே என்றாள். அக்கா மறைக்கவில்லை. சித்தி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் பஸ் நிறுத்தத்தைச் சேர்வதற்குள் விஷயம் மூன்று நாடுகளுக்குப் போய்விட்டது. அது எந்த நிலையத்திலும் இறங்கி ஏறவில்லை, நேராகப் போனது.

இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர் இல்லத்தில் கிடக்கிறாராமே என்று அண்ணியின் அண்ணன் போன் செய்து கேட்டான். தம்பியை அவன் மாமனார் சாப்பாட்டு மேஜையில் வைத்தே கேட்டார். அவ்வளவுதான். மூன்று வாரம் கிடைக்காத லீவு மூன்று நிமிஷத்தில் கிடைத்தது. அக்காவைக் கூப்பிட்டு ஆளுக்கு அரைமணி நேரம் கத்தினார்கள். பிறகு குழுவில் ஒரு அதிசயம் நடந்தது. எனக்கு நேர் விமானம், பத்தே மணி நேரம், நான்தான் கிட்ட, நான்தான் முதலில் போகிறேன் என்று அண்ணன் எழுதினான். சட்டப்படி தூரம்தான் கணக்கு, ஆறாயிரம்தான், நான்தான் கிட்ட என்று தம்பி எழுதினான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது சும்மாவா? நல்ல பேருக்குப் பந்தி போட்டவுடன், அண்ணனுக்குக் கீழ் வரியும் தம்பிக்கு மேல் வரியும் பளிச்சென்று தெரிந்துவிட்டன. படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமான நிலையத்துக்கு வர முடியாது, டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பதில் போட்டாள். அப்படி அவள் எழுதியது அதுவே முதல் தடவை.

அவள் விமானம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். தம்பிதான் முன்னால் வந்திருந்தான், ஆனால் தனியாக உள்ளே போகத் தைரியம் வராமல் எதிர்க் கடையில் டீ குடித்தபடி அண்ணனுக்காகக் காத்திருந்தான். இரண்டு பேரும் சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இல்லத்தின் வராந்தாவில் வந்த சத்தத்தில், அறைகளிலிருந்து கிழவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்கி, வாங்கடா என்றார். அவர்கள் முதல் வேலையாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவை நடுவில் வைத்து. அது சித்திக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அப்பாவின் காலைத் தொட்டு, வலிக்கிறதா என்று தம்பி கேட்டான்.

பெட்டியை எடுங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றான் அண்ணன். எத்தனை நாள் இருப்பாய் என்று அப்பா கேட்டார். அண்ணன் திங்கட்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். தம்பி ஞாயிறு இரவே. அதற்கப்புறம் என்று அப்பா கேட்டதற்கு இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கடைசியில் மருந்துப் பையோடு கதவருகே நின்ற அக்காவைப் பார்த்தார்கள்.

"அதான் அக்கா இருக்காளே," என்றான் தம்பி, எப்போதும்போல மென்மையாக.

அண்ணனும் தலையாட்டினான். "அந்தக் கோர்ஸை அடுத்த வருஷம் வெச்சுக்கட்டும்ப்பா. மிஷின் எங்க ஓடிடப் போகுது?"

அக்காவுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, தலை தன்னால் அசையத் தயாராகிவிட்டது. கைப்பைக்குள், எப்போதோ எடுத்து ஒரு முத்திரையும் விழாத பாஸ்போர்ட் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

அப்பா ஒரு சிப்பாயை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "வர்றதுக்கு எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். வீட்டு வாசலிலிருந்து இந்த வாசல்வரை பதினாலு மணி நேரம் என்றான் அண்ணன். தனக்கு இருபத்திரண்டு என்றான் தம்பி, கழுத்தைத் தடவிக்கொண்டு.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

லிஃப்ட்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னமோ வரவே முடியாத தூரம்னு நெனச்சுட்டு இருந்தேன்டா. அப்படி நெனச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் மனசு கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

இருபது வருஷமாக எந்த மனுவுக்கும் பதில் வைத்திருந்த அண்ணன், பெட்டியின் கைப்பிடியை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே தள்ளினான். தம்பி அப்பாவின் கால்மேலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவ நாளைக்குப் போவா," என்றார் அப்பா, சாதாரணமாக. "நான் இங்கேயே இருக்கேன். பார்க்க வர்றவங்க அஞ்சு மணிக்குள்ள கிளம்பிடணும்னு இங்க ஒரு சட்டம் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சாப்பிடுங்க." அக்காவைக் கூப்பிட்டு மருந்தை விடச் சொன்னார். அவள் விட்டாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. தலையைச் சாய்த்தபடியே, போய் நல்லா கத்துக்கிட்டு வா என்றார். அவள் சரிப்பா என்றாள்.

இல்லத்தின் வாசல் பெஞ்சில் மூன்று பேரும் டாக்ஸிக்காக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக இப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சித்தி அனுப்பிய பாராட்டு வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது, அவன் எடுத்துப் பார்க்கவில்லை. பேச ஏதாவது வேண்டுமே என்பதற்காகத் தம்பி கேட்டான்.

"நீ போற ஊர் எவ்வளவு தூரம்க்கா?"

"தெரியாதுடா," என்றாள் அவள். "போகணும்னு இருந்துச்சு. தூரம் பார்க்கல."